அம்பு ஒட்டாத ஒன்பது பேர்

அதெல்லாம் சுத்தப் பொய். நாலு இங்கிலீஷ் வார்த்தை கற்றுக்கொண்ட திமிரில் ஷாகிதா ஒன்பது பெண்களின் சோற்றில் மண்ணைப் போட்டாளாம், கடைசியில் கம்பெனிக்காரனே அவள் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினானாம். இட்லிக்கடைக் கண்ணம்மா சட்னி ஊற்றும்போதெல்லாம் இதையும் சேர்த்தே ஊற்றுகிறாள். சட்னி தண்ணியாக இருப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இதைப் பொறுக்க முடியாது. முதலாவது, அது நாலு வார்த்தை இல்லை, நாற்பது. இரண்டாவது, யாரும் யாருடைய கழுத்தையும் பிடிக்கவில்லை. அப்படிப் பிடிக்க வருகிறவனுடைய கையை ஷாகிதா சும்மா விட்டிருப்பாளா என்று அவளைத் தெரிந்தவர்கள் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தாலே போதும்.

ஒன்பது பேர் விஷயம் மட்டும் உண்மை. அதை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால் சொல்வது அத்தனையும் பொய்யாகிவிடும். ஆகையால் அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒழுங்காக, முதலிலிருந்து.

ஷாகிதா பூந்தமல்லியில் பிறந்தவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, சில வருஷம் கழித்து உஸ்மான் கனிக்குக் கட்டிக்கொடுத்து மண்ணூர்பேட்டைக்கு அனுப்பினார்கள். உஸ்மான் கனி வண்டிகளுக்கு ஒடுக்கு எடுக்கிறவர். நசுங்கின கார்க்கதவை உள்பக்கமிருந்து தட்டித் தட்டிப் பழையபடி நிமிர்த்திவிடுவார். பேச்சு குறைவு, தட்டல் அதிகம். ஒரே மகள் ஃபிசா. அவளைப் பள்ளியில் சேர்த்த வருஷமே ஷாகிதா தெருக்கோடியில் இருக்கிற ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். பதினோரு வருஷம். அதில் பத்து வருஷம் செக்கிங் மேஜையில் நின்றாள்.

செக்கிங் வேலை என்னவென்று தெரியாமல் இந்தக் கதையில் ஒன்றும் புரியாது. தைத்த சட்டை மேஜைக்கு வரும். டியூப்லைட் வெளிச்சத்தில் அதை விரித்து, காலர், கை, பாக்கெட், பட்டன், அடிமடிப்பு என்று விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். எங்கே குறை தட்டுப்படுகிறதோ அங்கே சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். சட்டையில் தொங்குகிற சீட்டில் என்ன குறை என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை எழுத வேண்டும். வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து சீட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் புரிய வேண்டுமாம்.

ஷாகிதா இங்கிலீஷ் கற்றுக்கொண்டது அந்தச் சீட்டுகளில்தான். மெஷின் எண்ணெய் பட்டிருந்தால் டர்ட்டி. ஒரு கை மற்றக் கையைவிட அரை விரற்கடை குறைந்தால் ஷார்ட். பட்டன் ஆடினால் லூஸ், பட்டன் ஓட்டையில் நுழைய மறுத்தால் டைட். அடிமடிப்பு ஏறி இறங்கினால் அன்ஈவன். சாயம் வெளுத்திருந்தால் ஃபேடட், கிழிந்திருந்தால் டோர்ன், தையல் கோணிக்கொண்டு போனால் க்ரூக்டு. புத்தகத்தில் படித்த பெண்களுக்கு அர்த்தம் மறந்து போகலாம். இவளுக்கு மறக்காது, அர்த்தம் விரலில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு துணியைத் தொட்டு அன்ஈவன் என்று சொன்னால், அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் அது அன்ஈவனாகத்தான் இருக்கும்.

சரி, குறையே இல்லாத சட்டைக்கு என்ன எழுதுவார்கள்? ஒன்றும் எழுதமாட்டார்கள். அம்பு கிடையாது, சீட்டு காலி. சட்டை நேரே அயர்ன் மேஜைக்குப் போய்விடும். அந்த மேஜையில் ஒரு சட்டைக்குக் கிடைக்கிற பெரிய மரியாதை காலிச் சீட்டுதான்.

பத்து வருஷம் ஒரே வேலையைச் செய்தால் அது ஆளுக்குள்ளும் போய்விடும். ஷாகிதாவுக்குப் போயிருந்தது. பெருநாளைக்கு ஃபிசா புது சுடிதார் போட்டுக்கொண்டு வந்து நின்றாள் என்றால், இவள் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்ப்பாள். ஒன்றும் சொல்லாமல் பிரியாணிச் சட்டியைக் கிளறப் போய்விடுவாள். ஃபிசா உடனே ஓடிப்போய்த் தன் அத்தா உஸ்மான் கனியிடம், அம்மா ஒன்றுமே சொல்லவில்லை, அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்வாள். அந்த வீட்டில் அதுதான் வழக்கம். புரிந்தவர்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. புரியாதவர்கள்தான் அவளுக்கு வாய் நிறையக் கொழுப்பு என்றார்கள். வாயைத் திறந்தால் குறைதான் வரும் என்றால், திறக்காத நேரத்தையும் கொஞ்சம் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டாமா?

போன வருஷம் அவளை மூன்றாவது லைனுக்கு சூபர்வைசர் ஆக்கினார்கள். செக்கிங் பொறுப்போடு பதின்மூன்று தையல்காரிகளும் அவள் கைக்கு வந்தார்கள். பாதிப் பேர் அதே தெரு. பக்கத்து வீட்டு வனஜா அதில் ஒருத்தி. காலர் தைக்கிறவள். புருஷன் அண்ணனூர் ரயில் ஷெட்டில் வண்டி கழுவப் போய்க்கொண்டிருந்தவர், முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு வருஷமாகக் கட்டிலில் இருக்கிறார். அந்த வீட்டில் அடுப்பு எரிவது வனஜாவின் காலரால்தான்.

அதே சமயம் தலைமை ஆபீசிலிருந்து அகல்யா என்று ஒரு டிரெயினிங் மேடம் வந்தாள். இருபத்தாறு வயதுப் பெண், நல்ல குணம், வேகமாகப் பேசுவாள். சூபர்வைசர்கள் ஆட்களை மதிப்பிடக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். சனிக்கிழமை சனிக்கிழமை கேன்டீனில் சுவரில் ஒரு சார்ட்டைத் தொங்கவிட்டு வகுப்பு எடுத்தாள். சிவப்புக் கட்டத்தில் இருபது வார்த்தை, பச்சைக் கட்டத்தில் இருபது வார்த்தை, கீழே தமிழில் அர்த்தம். மனுஷர்களைப் பற்றிச் சொல்கிற வார்த்தைகள் என்றாள்.

சிவப்புக் கட்டத்தை ஷாகிதா ஒரே வாரத்தில் முடித்துவிட்டாள். ஸ்லோ, லேசி, ரூட், கேர்லெஸ், ஸ்டபர்ன், டாக்கடிவ். துணியின் குறை தெரிந்தவளுக்கு ஆளின் குறை என்ன கஷ்டம்? பச்சைக் கட்டந்தான் மண்டையில் ஏறவில்லை. ஹானஸ்ட் என்றால் நேர்மையான, கைண்ட் என்றால் அன்பான, சீர்ஃபுல் என்றால் மலர்ச்சியான. இதெல்லாம் இருக்கட்டும், ஆனால் இவற்றை எங்கே ஒட்டுவது என்று அவளுக்கு விளங்கவில்லை. ஃபிசா அந்த சார்ட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்த காகிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். உஸ்மான் கனி தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நிற்பார்.

ஒருநாள் அவரே வாயைத் திறந்து கேட்டார். "இதுல எனுக்கு எது?"

ஷாகிதா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "உங்க மேல இன்னா குறை? ஒண்ணும் இல்ல," என்றாள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் அவருக்குக் கொடுத்த மிகப் பெரிய புகழ்ச்சி அது. அவருக்கும் அது தெரிந்தது. ஆனாலும் பச்சைக் கட்டத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனார்.

வகுப்பெல்லாம் முடிந்ததும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். பதின்மூன்று பெயர், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்டம். பெயருக்கு நேரே ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்க வேண்டும். குறையில்லாதவர்களுக்கு என்ன செய்வது என்று ஷாகிதா கேட்கத்தான் கேட்டாள். அகல்யாவுக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது. காதில் போனை வைத்தபடி, உங்களுக்குத் தோன்றுகிறதை எழுதுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிவிட்டாள். அந்தத் தாள் எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, மானேஜர் கஜபதியும் சொல்லவில்லை. தனக்கே அப்போது முழுதாகத் தெரியாது என்று கஜபதி பிற்பாடு சொன்னார். இருக்கலாம்.

ஷாகிதா மூன்று நாள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பார்த்தாள். அவசரமாக எழுதினாள் என்று யாரும் சொல்லக் கூடாது. ஷோபனா என்கிற பாக்கெட் தையல்காரிக்கு ஸ்லோ என்று எழுதினாள். அது ஊரறிந்த விஷயம். வாயாடி ஒருத்திக்கு டாக்கடிவ், பிடிவாதக்காரி ஒருத்திக்கு ஸ்டபர்ன், நாலாவது ஒருத்திக்கு லேட். மீதி ஒன்பது பேருடைய கட்டத்தையும் காலியாக விட்டாள். வனஜாவின் கட்டத்தில் பேனாவைக் கொண்டுபோய் ஒரு நிமிஷம் நிறுத்தி, ஒன்றும் கிடைக்காமல் மனத் திருப்தியோடு எடுத்துக்கொண்டாள். லைனில் ஒன்பது பேர் பழுதே இல்லாமல் இருக்கிறார்கள் என்று அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் கேட்டில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. ஆர்டர் குறைந்துவிட்டதால் ஆட்களைக் குறைக்கிறார்கள். மூன்றாவது லைனில் ஒன்பது பேர் உள்ளே வர வேண்டாம். எந்த ஒன்பது பேர் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஷோபனா உள்ளே போனாள். தெருவே அன்று ஷோபனாவைத்தான் கெட்டிக்காரி என்றது. அவளும் அடக்கமாக, நம்மைப் பற்றி ஒரு வார்த்தையாவது எழுதியிருந்தார்கள், அதனால் தப்பித்தோம் என்று சொல்லிக்கொண்டு போனாளாம். அந்த வார்த்தை என்ன என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் வனஜா வந்து ஷாகிதாவின் வாசலில் நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கூச்சல் போடவும் இல்லை. கூச்சல் போட்டிருந்தால் தேவலை.

"எல்லாருக்கும் ஒரு வார்த்தை எழுத சொன்னாங்களாமே. எனுக்கு இன்னாக்கா எழுதின?"

"ஒண்ணும் எழுதல வனஜா. உன்கிட்ட குறையே இல்ல. அதான் காலியா வுட்டேன். செக்கிங்ல காலியா இருந்தா பாஸுன்னு உனுக்குத் தெரியாதா?"

வனஜா விடவில்லை. "நான் இன்னா சட்டையா? நல்லவன்னா நல்லவன்னு எழுத வேண்டிதானே. பேனாவுல மை தீந்துபூச்சா?"

வனஜா போன பிறகு ஷாகிதா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். உஸ்மான் கனி வந்து, ஏன் இங்கேயே நிற்கிறாய் என்று கேட்டதற்கு, அவள் கேட்டது நியாயந்தான் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அகல்யாவிடம் போனாள். அந்தப் பெண் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். நாற்பது வார்த்தைக்கும் மார்க் இருந்ததாம். பச்சை வார்த்தை ஒவ்வொன்றுக்கும் அஞ்சு. சிவப்பு வார்த்தைக்கு ஒன்றோ இரண்டோ. ஒரு மார்க்குகூட இல்லாதவர்களை நிறுத்திவிடுவது என்று தலைமை ஆபீஸ் முடிவு செய்திருந்தது. காலிக் கட்டத்துக்குக் கம்ப்யூட்டர் தானாகவே சைபர் போட்டுக்கொண்டது. ஷோபனாவின் ஸ்லோவுக்கு இரண்டு.

அகல்யாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. காலியாக விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல மறந்துவிட்டேன் அக்கா என்றாள். அது பொய்யில்லை. எந்த வகுப்பிலும் அதைச் சொல்லவில்லை. இதை வைத்து ஷாகிதா கொடிபிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. வேறு ஒரு தாள் கிடைக்குமா என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கு வீட்டில் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து காகிதத்தைப் பிய்த்தெடுத்துத் தரையில் விரித்து உட்கார்ந்தாள். பச்சைக் கட்டம் மட்டும். இதுவரை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் இருந்த வார்த்தைகள். இப்போது ஒன்பது பேருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு முன்னால் நிறுத்திக்கொண்டாள்.

அயனம்பாக்கத்திலிருந்து வருகிற ஒருத்தி. மழைக்கு ஏரி நிரம்பினபோது கம்பெனிக்குள் ஒரு பாம்பு வந்துவிட்டது. ஆண்பிள்ளைகள் மேஜைமேல் ஏறி நின்றபோது, தரை துடைக்கிற குச்சியால் அதைத் தூக்கிக் காம்பவுண்டுக்கு வெளியே போட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்து சட்டைக் கை தைத்தவள். பிரேவ். அண்ணனூரிலிருந்து ரயிலில் வருகிறவள், ஒரு வருஷத்தில் ஒருநாள்கூட எட்டரைக்கு மேல் வந்ததில்லை. பங்க்சுவல். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தவளுடைய துணிக்கட்டையும் சேர்த்து மூன்று மாசம் தைத்துக்கொடுத்துவிட்டு, அதை யாரிடமும் சொல்லாதவள் ஒருத்தி. கைண்ட். கரண்ட் போனதும் இருட்டில் எல்லாரும் சலித்துக்கொள்ளும்போது தன் மாமியாரைப் போலப் பேசிக்காட்டிச் சிரிக்க வைக்கிறவள். சீர்ஃபுல். ஒன்றைப் பிடித்ததும் மற்றது தானாக வந்தது. கால்ம் வந்தது, நீட் வந்தது, ஹெல்ப்ஃபுல் வந்தது. கூடவே வேலை செய்த பெண்கள்தான். அவர்களிடம் இவ்வளவு இருப்பதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒரே ஒரு குறைகூடத் தப்பாத அந்தக் கண்ணில் இதுவும் தப்பவில்லை. வாய்க்குத்தான் வரவில்லை.

வனஜாவைக் கடைசியாக வைத்திருந்தாள். கேர்ஃபுல் என்று எழுதப் போய் நிறுத்திக்கொண்டாள். அது காலருக்குப் போதும், வனஜாவுக்குப் போதாது. ஒருதடவை வனஜாவின் மெஷினில் ஊசி உடைந்தது. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைக்கிறவரை மெஷினை ஓட்டக் கூடாது. துண்டு ஏதாவது சட்டைக்குள் போய்விட்டால், போட்டுக்கொள்கிற குழந்தைக்குக் குத்தும். அந்த நேரம் பார்க்க யாரும் இல்லை. வேறு ஊசியை மாட்டிக்கொண்டு தைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வனஜா தானே கையைத் தூக்கினாள். ஒரு மணி நேரம் தரையில் மண்டிபோட்டுக் காந்தத்தை இழுத்து இழுத்து, மயிர்க்கால் அளவு நுனியைத் தேடி எடுத்தாள். அன்றைய டார்கெட் போச்சு, எல்லார் முன்னாலும் திட்டும் வாங்கினாள். அந்தத் திட்டைத் திட்டினவளே ஷாகிதாதான்.

வனஜாவுக்கு நேரே ஹானஸ்ட் என்று எழுதினாள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் அப்போதுதான் தெரிந்தது என்று பின்னால் உஸ்மான் கனியிடம் சொன்னாள்.

புதுத் தாளை எடுத்துக்கொண்டு கஜபதியிடம் போனாள். அவர் அதை வாங்கிப் பார்த்து முகம் மலர்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவருக்கும் தண்ணீர் கழுத்துவரை வந்திருந்தது. இரண்டு மூன்று பேர் போவார்கள் என்று எதிர்பார்த்தார். ஒன்பது பேர் போனதும், மூன்றாவது லைனில் ஸ்லோவும் டாக்கடிவ்வும் ஸ்டபர்னும் லேட்டுமாக நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சரக்கு அனுப்ப வேண்டிய தேதி பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அந்த ஒன்பது பேருக்குக் கம்பெனி எவ்வளவு தேவையோ, அதைவிடக் கம்பெனிக்கு அவர்கள் தேவையாக இருந்தார்கள். ஆனால் கம்பெனிகள் அப்படியெல்லாம் சொல்லிக்கொள்ளாது. காகிதத்தில்தான் தப்பு என்று ஆக வேண்டும், காகிதத்தில் தப்பு என்றால் எழுதினவர் ஒருத்தர் இருக்க வேண்டும்.

"ஆபீஸ்ல ஏன் மாத்தினீங்கன்னு கேப்பாங்கம்மா," என்றார் கஜபதி. "ஒரு லெட்டர் வேணும்."

காலிக் கட்டம் என்றால் நல்லது என்று நினைத்தேன், யாரும் வேறு மாதிரி சொல்லித்தரவில்லை, அதையே எழுதுங்கள் என்றாள் ஷாகிதா. கஜபதி மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைத் திருப்பித் திருப்பி வைத்தார். அப்படி எழுதினால் டிரெயினிங் சரியில்லை என்று ஆகிவிடும், அகல்யா மேடத்தின் வேலை போய்விடும், டிரெயினிங்கையே திரும்ப நடத்தச் சொல்வார்கள், அது முடிகிறவரை ஒன்பது பேரும் வெளியேதான் என்று நிதானமாக விளக்கினார். வேறு வழி ஒன்றுதான். தாளை நிரப்பாமல் விட்டது தன்னுடைய தப்பு என்று அவள் எழுதிக் கொடுத்தால், அன்றைக்கே அனுப்பிவிடலாம்.

"அதுக்கும் ஒரு வார்த்தை இருக்கும்மா. நீங்க படிச்ச நாப்பதுலயே இருக்கு," என்றார். சொல்ல அவருக்கே வாய் கூசியது.

அவளுக்கு எது என்று தெரிந்தது. பதினோரு வருஷத்தில் ஒரு பட்டன் தப்பினதில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த ஒரு சட்டைகூட அவள் மேஜையைத் தாண்டின சட்டை இல்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்து அந்த வார்த்தையை வேறு யாராவது சொல்லியிருந்தால் மேஜை தலைகீழாகியிருக்கும். ஒன்பது பேரும் எப்போது வரலாம் என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றார். பேனாவை வாங்கிக் கேர்லெஸ் என்று ஒரு எழுத்துப் பிழையில்லாமல் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவள் தெரிந்தே எழுதின பொய் அது ஒன்றுதான்.

இது ஒரு ஃபார்மாலிட்டிதான், யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள் என்று கஜபதி சொன்னார்.

வியாழக்கிழமை ஒன்பது பேரும் வேலைக்கு வந்தார்கள். தெருவில் இதற்குப் பலபேர் பேர் தட்டிக்கொண்டு போனார்கள். தான் போட்ட சத்தத்தில் கம்பெனி பயந்துவிட்டது என்று கண்ணம்மா சொன்னாள். இட்லிக்கடையில் போடுகிற சத்தம் அவ்வளவு தூரம் கேட்கும் என்று அதுவரை ஒருத்தருக்கும் தெரியாது. ஷாகிதா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. போய் வனஜாவிடம் நடந்ததைச் சொல் என்று உஸ்மான் கனி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

"கேக்கட்டும், சொல்றேன்," என்றாள்.

யாரும் கேட்கவில்லை. இதில் அவள் பேரிலும் தப்பு இருக்கிறது. வீம்பு என்றால் வீம்புதான். ஒரு வாய் வார்த்தை வெளியே வர எதிராளி முதலில் வந்து கதவைத் தட்ட வேண்டும் என்று இருந்தால், சில கதவுகள் தட்டப்படாமலே போகும்.

மூன்று வாரம் கழிந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள் என்று சொன்ன ஃபைலைத்தான் முதலில் எடுத்தார்கள். சட்டையைச் சரிபார்க்கிற இடத்திலேயே கேர்லெஸ்ஸான ஒரு ஆளா என்று கேட்டார்களாம். அவர்கள் கேட்டதில் என்ன தப்பு? படிக்கத் தெரிந்தவர்கள், படித்தார்கள்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கஜபதி ஷாகிதாவைக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். அதிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. பேக்கிங்குக்குப் போய்விடுங்கள், சட்டையை மடித்துக் கவரில் போடுகிற வேலை, கொஞ்ச நாளைக்குத்தான், பேப்பர் சரியாகிறவரைக்கும் என்றார்.

"பேப்பர் எப்படி சார் சரியாவும்? அத மாத்தணும்னா நான்தான் மாத்தி எழுதணும். நான் தப்பு பண்லன்னு எழுதினா, அந்த ஒம்பது பேரு பேப்பரு இன்னா ஆவும்?"

கஜபதி பேப்பர்வெயிட்டைத் தேடினார். அது அன்று மேஜைமேல் இல்லை.

"அதான் கேக்கிறேன். அது அப்பிடியே இருக்கட்டும், அதுல கை வெக்காதீங்க," என்றாள். "செய்யாத தப்புக்கு எழுதிக் குடுத்தேன் சார். செஞ்ச மாதிரி அங்க போய் உக்காந்து காட்ட என்னால ஆவாது."

வேண்டாம் அம்மா, வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்று கஜபதி உண்மையாகவே சொன்னார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பச்சைக் கட்டத்தில் அவருக்குப் பொருந்துகிற வார்த்தைகூட ஒன்றிரண்டு இருந்திருக்கும். ஷாகிதா டீயை முழுதாகக் குடித்தாள், தம்ளரைக் கவிழ்த்து வைக்காமல் நேராக வைத்தாள், எழுந்து வந்தாள். ஆக, கண்ணம்மா சொல்கிற கழுத்துக்கும் கைக்கும் இங்கே எங்கே இடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே போக மூன்றாவது லைனைத் தாண்டித்தான் போக வேண்டும். பதின்மூன்று மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தியும் தலையைத் தூக்கவில்லை. சூபர்வைசர் நடந்து போனால் தலையைத் தூக்கக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லி வைத்தவளே அவள்தான். வனஜாவின் மெஷினுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். வனஜா தைத்து முடித்த காலர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மேலே இருந்ததை எடுத்து விரலால் ஓரத்தைத் தடவினாள். வழக்கப்படி அதைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"வனஜா, நல்லா தெச்சிக்கிற. உன்ன மாதிரி யாரும் தெக்க மாட்டாங்க."

மெஷின் நின்றது. வனஜா காலரைப் பார்த்தாள், ஷாகிதாவின் முகத்தைப் பார்த்தாள். பக்கத்து மெஷின்காரியும் திரும்பினாள்.

"இன்னாக்கா, குத்திக்காட்றியா?" என்றாள் வனஜா.

ஷாகிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் காலரை அடுக்கின்மேல் வைத்தாள். வனஜா எதையோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் ஷாகிதா வரிசையின் கோடிக்குப் போய்விட்டாள். பின்னால் வனஜாவின் மெஷின் சத்தம் உடனே எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்தது.

கேட்டில் வாட்ச்மேன் உலகநாதன் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறதே அம்மா, அவுட்பாஸ் எங்கே என்று கேட்டார். இனிமேல் அவுட்பாஸ் வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிட்டு, நல்ல வெயிலில், பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அவர் கேட்டைத் திறக்கிறவரை பொறுமையாக நின்றாள். திறந்ததும் வெளியே போனாள்.